ஆற்றல் அழியாது என்றால் 'கரண்ட் வீணாகுது' என்று அம்மா ஏன் சொல்கிறார்?

"ஃபேன ஆஃப் பண்ணிட்டு வா. கரண்ட் வீணாப் போகுது!"

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. ஆனால் உயர்நிலைப் பள்ளி இயற்பியல் வகுப்பில் ஆசிரியர் சொல்வது வேறு. ஆற்றலை உருவாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. மொத்தக் கணக்கு எப்போதும் மாறாது.

அப்படியென்றால் வீணாவது எது? அழியவே அழியாத ஒன்றுக்கு மாதாமாதம் ஏன் கட்டணம் செலுத்துகிறோம்?

இருவர் சொல்வதும் சரிதான். அது எப்படி என்று புரிந்துவிட்டால் தேர்வில் தடுமாறவைக்கும் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும். சிங்கப்பூருக்கு மின்சாரம் ஏன் இவ்வளவு பெரிய கவலை என்பதும் புரியும்.

முதலில் சில சொற்கள்

வகுப்பில் ஆங்கிலத்தில் படிக்கிறோம். வீட்டில் 'சக்தி' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். இயற்பியலில் மூன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

• ஆற்றல்: வகுப்பில் 'எனர்ஜி' என்பது. ஜூல் கணக்கில் அளக்கிறோம். செய்திகளில் 'எரிசக்தி' என்று வருவதும் இதுதான்.

• விசை: 'ஃபோர்ஸ்'. தள்ளுவது, இழுப்பது. நியூட்டன் கணக்கு.

• திறன்: 'பவர்'. ஒரு நொடியில் எத்தனை ஜூல் கைமாறுகிறது என்பது. வாட் கணக்கு.

2,000 வாட் கெட்டில் என்றால் ஒவ்வொரு நொடியும் 2,000 ஜூல் எடுத்துக்கொள்கிறது என்று பொருள். அவ்வளவுதான்.

பழைய பாடமும் புதிய பாடமும்

அண்ணனோ அக்காவோ வைத்திருந்த பழைய குறிப்புகளைப் புரட்டினால் ஒளி ஆற்றல், ஒலி ஆற்றல், மின் ஆற்றல், வெப்ப ஆற்றல் என்று நீளமான பட்டியல் இருக்கும். 'மின் ஆற்றல் ஒளி ஆற்றலாக மாறுகிறது' என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்த காலம் அது.

2023ஆம் ஆண்டிலிருந்து தேர்வுக்கு வந்த ஓ-லெவல் இயற்பியல் பாடத்திட்டம் வேறு மொழியில் பேசுகிறது. ஆற்றல் எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. எந்த வழியாக இடம் மாறுகிறது என்பது இன்னொரு கேள்வி. முதலாவது 'ஸ்டோர்', இரண்டாவது 'டிரான்ஸ்ஃபர்'. தமிழில் இருப்பு, பரிமாற்றம் என்று வைத்துக்கொள்வோம்.

வங்கிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் 50 வெள்ளி இருக்கிறது. அது இருப்பு. பேநவ் மூலம் நண்பருக்கு 10 வெள்ளி அனுப்புகிறீர்கள். அது பரிமாற்றம். உங்கள் இருப்பு 40 ஆகிறது, அவருடைய இருப்பு 10 கூடுகிறது. பணம் வேறு வகைப் பணமாக மாறவில்லை. இருக்கும் இடம்தான் மாறியது.

'பேநவ்வில் எவ்வளவு பணம் வைத்திருக்கிறாய்?' என்று யாரும் கேட்கமாட்டார்கள். அது பணம் போகும் வழி. பணம் இருக்கும் இடமல்ல. மின்சாரம், ஒளி, ஒலி மூன்றும் அப்படித்தான். அவை ஆற்றல் போகும் வழிகள். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் பாதி பாடம் முடிந்தது.

ஆற்றல் இருக்கும் ஆறு இடங்கள்

• இயக்க இருப்பு ('கைனெடிக்'): நகரும் எல்லாவற்றிலும். ஓடும் எம்ஆர்டி ரயில், பறக்கும் பூப்பந்து.

• ஈர்ப்பு இருப்பு ('கிராவிடேஷனல் பொட்டென்ஷியல்'): உயரத்தில் இருக்கும் பொருளில். 12ஆம் மாடியில் நிற்கும் நீங்கள், அணையில் தேங்கிய தண்ணீர்.

• மீள்தன்மை இருப்பு ('எலாஸ்டிக்'): இழுத்த ரப்பர் பட்டை, அழுத்திய ஸ்பிரிங்.

• வேதி இருப்பு ('கெமிக்கல்'): சாப்பாடு, பேட்டரி, இயற்கை எரிவாயு, பெட்ரோல்.

• அணு இருப்பு ('நியூக்ளியர்'): அணுக்கருவுக்குள் இருப்பது. யுரேனியம், சூரியனில் இருக்கும் ஹைட்ரஜன்.

• அக இருப்பு ('இன்டெர்னல்'): பொருளின் துகள்கள் அசைவதாலும் ஒன்றையொன்று ஈர்ப்பதாலும் உள்ளுக்குள் இருப்பது. சூடாக்கினால் கூடும்.

அக இருப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு வெப்பநிலை 100 டிகிரியிலேயே நிற்கும். ஆனால் அடுப்பு இன்னும் எரிகிறதே, அந்த ஆற்றல் எங்கே போகிறது? துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து ஆவியாக்கப் போகிறது. வெப்பநிலை ஏறவில்லை என்பதற்காக அக இருப்பு கூடவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

ஆற்றல் போகும் நான்கு வழிகள்

• இயந்திர வழி: ஒரு விசை ஒரு பொருளை நகர்த்தும்போது. பையைத் தூக்குவது, சைக்கிள் மிதிப்பது.

• மின் வழி: மின்னோட்டம் பாயும்போது.

• சூடாக்கும் வழி: வெப்பநிலை வேறுபாடு இருக்கும்போது. எப்போதும் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குத்தான் தானாகப் போகும்.

• அலை வழி: ஒளி, மைக்ரோவேவ், ஒலி.

கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா? ஒளியும் ஒலியும் இங்கேதான் வருகின்றன, மேலே உள்ள பட்டியலில் இல்லை.

ஒரு கெட்டில், முழுக் கணக்கு

வெறும் சொற்களாகவே போனால் மனத்தில் நிற்காது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கெட்டிலில் 1.5 லிட்டர் தண்ணீர், அதாவது 1.5 கிலோகிராம். குழாய்த் தண்ணீர் 28 டிகிரி செல்சியஸ். 100 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4,200 ஜூல் தேவை.

1.5 × 4,200 × 72 = 453,600 ஜூல். சுமார் 454 கிலோஜூல்.

2,000 வாட் கெட்டில் இதைக் கொடுக்க 227 நொடி போதும். ஆனால் நேரம் பார்த்தால், 255 நொடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கெட்டில் எடுத்தது 510 கிலோஜூல். மீதி 56 கிலோஜூல் என்னவானது?

கெட்டிலின் உடல் சூடானது. நீராவி கொஞ்சம் தப்பியது. சுற்றியிருக்கும் காற்றும் மேசையும் லேசாகச் சூடாகின. கொதிக்கும் சத்தமும் கடைசியில் காற்றையும் சுவரையும் மிக மிக லேசாகச் சூடாக்கி முடிந்தது. ஒரு ஜூல்கூடக் காணாமல் போகவில்லை. ஆனால் அந்த 56 கிலோஜூலில் ஒரு கோப்பி கலக்க முடியாது.

பயனுள்ள பகுதியை மொத்தத்தால் வகுத்தால் கிடைப்பது செயல்திறன், வகுப்பில் 'எஃபிஷியன்சி'. 454 ÷ 510 = சுமார் 89 விழுக்காடு. நல்ல மதிப்பெண்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இந்த எண் மாறப்போகிறது.

454 கிலோஜூல் எவ்வளவு பெரியது?

நீங்கள் 55 கிலோ எடை என்று வைப்போம். மின்தூக்கி பழுது. கீழ்த்தளத்திலிருந்து 12ஆம் மாடிக்குப் படியேறுகிறீர்கள். ஒரு மாடிக்கு 2.8 மீட்டர், 11 மாடி ஏற்றம், மொத்தம் 30.8 மீட்டர்.

55 × 10 × 30.8 = 16,940 ஜூல். சுமார் 17 கிலோஜூல்.

மூச்சு வாங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. ஆனால் உங்கள் ஈர்ப்பு இருப்பில் கூடியது அவ்வளவுதான். ஒரு கெட்டில் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் ஆற்றலுக்கு ஈடாக நீங்கள் 26 தடவைக்கும் மேல் அப்படி ஏறவேண்டும்!

அந்த 17 கிலோஜூலுக்கு உடம்பு எவ்வளவு செலவு செய்தது? தசைகள் உணவின் வேதி இருப்பில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி உடல் சூடாகப் போய்விடும். அதனால்தான் வியர்வை. ஆக 68 கிலோஜூல் தேவை. அது ஒரு தேக்கரண்டிச் சீனி, 4 கிராம்.

12 மாடிக்கு ஒரு தேக்கரண்டிச் சீனிதானா என்று கேட்கிறீர்களா? ஆமாம். சீனியில் அவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்று பார்ப்பதா, பபிள் டீ குடிக்கும்போது யோசிக்க வேண்டும் என்று பார்ப்பதா, உங்கள் விருப்பம்.

இன்னொன்று. முழுக்கச் சார்ஜ் செய்த கைப்பேசி பேட்டரியில் ஏறக்குறைய 55 கிலோஜூல் இருக்கும். ஒரு குவளைத் தண்ணீரை, அதாவது 250 மில்லிலிட்டரை, கொதிநிலைக்குக் கொண்டுவர 76 கிலோஜூல் வேண்டும். நாள் முழுக்க வீடியோ ஓட்டும் பேட்டரியால் ஒரே ஒரு குவளைத் தண்ணீரைக் கொதிக்கவைக்க முடியாது.

சூடாக்கும் வேலைதான் ஆற்றலை மிக அதிகம் கேட்கும் வேலை. கரண்ட் பில்லைப் பார்க்கும்போது இதை மறக்காதீர்கள்.

சரி, வீணாவது எது?

மறுபடியும் பணத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் கையில் 100 வெள்ளி நோட்டு. அதை 5 காசு நாணயங்களாக மாற்றுகிறீர்கள். 2,000 நாணயங்கள். அவற்றைச் சாங்கியிலிருந்து துவாஸ் வரை தீவு முழுக்கச் சிதறவிடுகிறீர்கள்.

100 வெள்ளி அழிந்துவிட்டதா? இல்லை, எல்லாம் சிங்கப்பூரில்தான் கிடக்கிறது. ஆனால் அதைக்கொண்டு உங்களால் ஒரு நாசி லெமாக்கூட வாங்க முடியாது.

ஆற்றலுக்கும் இதுதான் நடக்கிறது. எரிவாயுவிலும் பேட்டரியிலும் ஓரிடத்தில் குவிந்திருக்கும் ஆற்றல், வேலை செய்து முடித்ததும் காற்றிலும் சுவரிலும் லேசான சூடாகப் பரவிவிடுகிறது. பாடத்தில் இதற்கு 'டிசிபேஷன்' என்று பெயர். சிதறல் என்று சொல்லலாம். சிதறியதைத் தானாக மறுபடி ஓரிடத்தில் சேர்க்க முடியாது.

'வீணாகுது' என்று அம்மா சொல்வது இதைத்தான். அளவு குறையவில்லை, பயன் குறைந்துவிட்டது.

ஃபேன் அறையைக் குளிர்விக்கிறதா?

தேர்விலும் வரும், வீட்டிலும் வரும் கேள்வி இது. பதில்: இல்லை. 50 வாட் ஃபேன் ஒவ்வொரு நொடியும் 50 ஜூல் வாங்கி முதலில் காற்றின் இயக்க இருப்புக்குக் கொடுக்கிறது. காற்று சுவரில் மோதி, ஒன்றோடொன்று உரசி அடங்கும்போது அந்த 50 ஜூலும் அக இருப்பாகிவிடும். பூட்டிய அறையில் ஆள் இல்லாமல் ஃபேன் ஓடினால் அறை கொஞ்சம் சூடாகும்.

பிறகு நமக்கு ஏன் குளிர்கிறது? காற்று படும்போது வியர்வை வேகமாக ஆவியாகிறது. ஆவியாகும் வியர்வை நம் தோலிலிருந்து ஆற்றலை எடுத்துக்கொண்டு போகிறது. ஆள் இருந்தால்தான் ஃபேனால் பயன். ஆக, காலி அறையில் ஓடும் ஃபேனை அணைக்கச் சொன்னதில் இயற்பியல் முழுக்க அம்மா பக்கம்தான்.

ஏர்கான் வேறு கதை. அது 'குளிரை' உண்டாக்குவதில்லை. அறைக்காற்றின் அக இருப்பிலிருந்து ஆற்றலை எடுத்து வெளியே தள்ளுகிறது. வெளியே தொங்கும் கம்ப்ரெஸர் பக்கம் நின்றால் சூடாக அடிப்பது அதனால்தான். சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு ஆற்றல் தானாகப் போகும். எதிர்த்திசையில் போகவைக்கத்தான் மின்சாரம் தேவைப்படுகிறது.

சிதறவிடாமல் பிடிக்க முடியுமா?

கொஞ்சம் முடியும். எம்ஆர்டி ரயில் நல்ல எடுத்துக்காட்டு.

ஆட்களுடன் சேர்த்து ரயிலின் எடை 250 டன் என்று வைப்போம். மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகம். இயக்க இருப்பு பாதி × நிறை × வேகத்தின் வர்க்கம். கணக்குப் போட்டால் 50 மில்லியன் ஜூல் வரும். 100 கெட்டிலுக்கும் மேல் கொதிக்கவைக்கும் ஆற்றல் அது. ஒவ்வொரு நிலையத்திலும் இதை நிறுத்தியாக வேண்டும்.

பழைய முறை பிரேக் என்றால் அத்தனையும் உராய்வால் பிரேக்கின் சூடாகிவிடும். இப்போதைய ரயில்களில் வேகம் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக வேலை செய்கிறது. இயக்க இருப்பில் ஒரு பகுதி மின் வழியாகத் தண்டவாள மின்கட்டமைப்புக்குத் திரும்பி, அருகில் கிளம்பும் இன்னொரு ரயிலுக்கு உதவுகிறது. உங்கள் ரயில் நிற்கும் ஆற்றலில் பக்கத்து ரயில் கிளம்புகிறது.

கெட்டிலின் மறுமுனை

இப்போது சுவரில் இருக்கும் பிளக்குக்குப் பின்னால் போய்ப் பார்ப்போம். அந்த 510 கிலோஜூல் எந்த இருப்பிலிருந்து வந்தது?

சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் குழாய்கள் மூலம் எரிவாயு வருகிறது. 2013ஆம் ஆண்டிலிருந்து ஜூரோங் தீவில் உள்ள முனையத்தில் கப்பல்கள் மூலமும் திரவ இயற்கை எரிவாயு வந்து இறங்குகிறது.

மின்நிலையத்தில் நடப்பது இது:

• எரிவாயுவின் வேதி இருப்பு எரியும்போது குறைகிறது. சூடான வாயுவின், நீராவியின் அக இருப்பு கூடுகிறது.

• அவை டர்பைனைத் தள்ளுகின்றன. இயந்திர வழி. டர்பைனின் இயக்க இருப்பு கூடுகிறது.

• டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. அங்கிருந்து மின் வழியாக உங்கள் வீட்டுக்கு.

எரிவாயுவின் ஆற்றலில் ஏறக்குறைய பாதிதான் மின்சாரமாக வெளியே வருகிறது. மிகச் சிறந்த நிலையங்கள் 60 விழுக்காட்டை எட்டும். மீதி எங்கே? புகைபோக்கி வழியாகவும், குளிர்விக்கப் பயன்படும் கடல்நீர் வழியாகவும் சிதறிவிடுகிறது.

ஞாபகம் இருக்கிறதா, கெட்டிலின் செயல்திறன் 89 விழுக்காடு? எரிவாயுவிலிருந்து கணக்குப் போட்டால் தண்ணீருக்குப் போன 454 கிலோஜூலுக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோஜூலை எரித்திருக்கிறோம். செயல்திறன் 45 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. எங்கிருந்து அளக்கத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். கேள்வியை நிதானமாகப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எரிவாயுவின் வேதி இருப்பு எப்படி வந்தது? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிறு உயிர்கள் சூரிய ஒளியைக் கொண்டு வளர்ந்து, இறந்து, மண்ணுக்கடியில் அழுந்தியதால். அந்த ஒளி சூரியனின் அணு இருப்பிலிருந்து வந்தது. உங்கள் கோப்பிக்குப் பின்னால் இருப்பது மிகப் பழைய வெயில்.

'புதுப்பிக்கத்தக்க' என்றால் என்ன?

தீர்ந்துபோகாதது என்று பலர் எழுதுவார்கள். இன்னும் சரியான விளக்கம் இது: நாம் எடுக்கும் வேகத்துக்கு ஈடாக இயற்கை மறுபடி நிரப்பும் வளம்.

எரிவாயுவும் ஓர் இருப்புதான். ஆனால் நாம் சில நிமிடங்களில் எரிப்பதை நிரப்ப இயற்கைக்கு மில்லியன் கணக்கான ஆண்டுகள் ஆகும். வெயில் நாளைக்கும் வரும். மழை அணையை மறுபடி நிரப்பும். வேறுபாடு அதுதான்.

அப்படியென்றால் சிங்கப்பூர் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே? நம் நிலப்பரப்பு இடம் கொடுக்கவில்லை.

• காற்று: சராசரி வேகம் நொடிக்கு 2 முதல் 3 மீட்டர்தான். வேகம் பாதியானால் காற்றாலைக்குக் கிடைக்கும் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

• நீர்மின்சாரம்: உயரமான மலையும் இல்லை, பெரிய ஆறும் இல்லை. ஈர்ப்பு இருப்புக்கு உயரம் வேண்டுமே.

• கடல் அலை, ஏற்ற இறக்கம்: கடல் அமைதியானது. கடற்பகுதியில் பெரும்பங்கு கப்பல்களுக்குத் தேவை.

• சூரிய ஒளி: இதுதான் நமக்கு இருக்கும் நல்ல வாய்ப்பு. ஆனால் இடம் குறைவு.

இடம் இல்லையென்றால் தண்ணீர்மேல் போடலாம் என்று யோசித்ததன் பலன், தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021ஆம் ஆண்டு ஜூலையில் திறந்த மிதக்கும் சூரியசக்திப் பண்ணை. 122,000 தகடுகள், உச்சத் திறன் 60 மெகாவாட்.

'உச்சத் திறன்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பளிச்சென்று வெயில் அடிக்கும்போது மட்டும்தான் அந்த 60. மேகம் வந்தால் சில நிமிடங்களில் இறங்கிவிடும், இரவில் சுழியம். சூரிய ஒளி அலை வழியாக வரும் பரிமாற்றம், இருப்பு இல்லை. வந்தபோதே பயன்படுத்தவேண்டும். இல்லாவிட்டால் ஏதாவது ஓர் இருப்பில் போட்டுவைக்கவேண்டும்.

பாடத்தில் படித்த அதே வேறுபாடு இங்கே நாட்டின் பிரச்சினையாக வந்து நிற்கிறது.

அதற்காகத்தான் ஜூரோங் தீவில் பெரிய பேட்டரிக் கட்டமைப்பு வந்தது. 2023ஆம் ஆண்டு அதிகாரபூர்வமாகத் திறந்தபோது அதன் கொள்ளளவு 285 மெகாவாட்-மணிநேரம். ஒரு வீடு நாளுக்கு 12 கிலோவாட்-மணிநேரம் பயன்படுத்தும் என்று எடுத்துக்கொண்டால் சுமார் 24,000 வீடுகளுக்கு ஒரு நாள் போதும். மேகம் மறைக்கும்போது சட்டென்று கைகொடுக்க அது உதவும். ஆனால் தீவு முழுவதையும் ஓர் இரவு தாங்க அது போதாது.

இன்னொரு வழி, அண்டை நாடுகளிலிருந்து வாங்குவது. 2022ஆம் ஆண்டு ஜூனில் லாவோஸ் நீர்மின்சாரம் தாய்லந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியது. முதல் கட்டத்தில் 100 மெகாவாட் வரை. கணக்குப்படி பார்த்தால் லாவோஸ் அணைத் தண்ணீரின் ஈர்ப்பு இருப்பு பிடோக்கில் ஒரு விளக்கை எரித்தது.

தேர்வில் எப்படி எழுதுவது?

எந்த ஆற்றல் கேள்வியாக இருந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

1. எந்தப் பொருளின் எந்த இருப்பு குறைகிறது?
2. எந்தப் பொருளின் எந்த இருப்பு கூடுகிறது?
3. எந்த வழியாக?

பேட்டரி டார்ச்லைட்: 'பேட்டரி ஒளி ஆற்றலாக மாறுகிறது' என்று நிறுத்திவிடாதீர்கள். பேட்டரியின் வேதி இருப்பு குறைகிறது. மின் வழியாக விளக்குக்குப் போகிறது. விளக்கின் அக இருப்பு கொஞ்சம் கூடுகிறது. ஒளி அலை வழியாகவும் சூடாக்கும் வழியாகவும் சுற்றுப்புறத்துக்குப் போய், அதன் அக இருப்பு கூடுகிறது. இதுதான் முழுப் பதில்.

கணக்கு ஒன்று: அரை கிலோ பந்தை 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விடுகிறோம். ஈர்ப்பு இருப்பு 0.5 × 10 × 1.8 = 9 ஜூல். தரையைத் தொடும் நொடியில், காற்றுத் தடையை விட்டுவிட்டால், அந்த 9 ஜூலும் இயக்க இருப்பில். வேகம் நொடிக்கு 6 மீட்டர். மோதும்போது பந்து நசுங்கி மீள்தன்மை இருப்பு கூடுகிறது. பிறகு மேலே எழும்புகிறது, ஆனால் 1.35 மீட்டர்தான்.

இப்போது ஈர்ப்பு இருப்பு 6.75 ஜூல். மீதி 2.25 ஜூல் 'போச்சு' என்று எழுதினால் மதிப்பெண்ணும் போச்சு! பந்து, தரை, காற்று ஆகியவற்றின் அக இருப்பு 2.25 ஜூல் கூடியது என்று எழுதுங்கள். எப்போதும் 'இழந்தது' என்ற சொல்லுக்குப் பிறகு 'எங்கே' என்று கேளுங்கள்.

அடுத்த முறை வீட்டில் சொல்லும்போது

கட்டணப் பட்டியலில் வரும் ஒரு கிலோவாட்-மணிநேரம் என்பது 3.6 மில்லியன் ஜூல். விலை சுமார் 30 காசு என்று வைத்துக்கொண்டால்:

• கைப்பேசியை ஒரு முறை முழுக்கச் சார்ஜ் செய்ய: அரைக் காசுக்கு அருகே

• 10 வாட் எல்இடி விளக்கு 8 மணிநேரம்: 2.4 காசு

• ஒரு முழுக் கெட்டில்: சுமார் 4 காசு

• 3,000 வாட் தண்ணீர்ச் சூடேற்றி 10 நிமிடம்: 15 காசு

• சராசரியாக 700 வாட் எடுக்கும் ஏர்கான் 8 மணிநேரம்: 1 வெள்ளி 68 காசு

ஓர் இரவு ஏர்கான் 70 விளக்குக்குச் சமம். விளக்கை அணைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஏர்கானை ஒரு மணிநேரம் முன்னதாக நிறுத்தி ஃபேனுக்கு மாறுவது, ஒரு கோப்பிக்கு ஒரு குவளைத் தண்ணீரை மட்டும் சுடவைப்பது, குளியலை ஐந்து நிமிடம் குறைப்பது... இவைதான் பட்டியலில் தெரியும்.

காசு மட்டுமல்ல. சிங்கப்பூர் மின்கட்டமைப்பில் ஒவ்வொரு கிலோவாட்-மணிநேரத்துக்கும் சுமார் 0.4 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. மேலே சொன்ன ஏர்கானின் ஓர் இரவுக்கு 2 கிலோவுக்கும் மேல்.

ஆற்றல் அழியாது. அது இயற்கையின் விதி, நாம் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. ஆனால் குவிந்திருக்கும் ஆற்றல் ஒருமுறை சிதறினால் சிதறியதுதான். அதைக் காப்பாற்றுவது மட்டும் நம் கையில் இருக்கிறது. சுவிட்சு அருகில்தானே இருக்கிறது?